பின்கதவு திறக்கப்பட்டது

மார்ச் 4, செவ்வாய்

இன்றைக்கும் மூன்று முறை. "எச்சரிக்கை. பின்கதவு திறக்கப்பட்டது." எந்த வீட்டுப் பின்கதவு? எங்கள் வீட்டுக்குப் பின்கதவே கிடையாது. புது நம்பர் வாங்கிய நாளிலிருந்து இதே ரோதனை. யாரோ கழற்றிப் போட்ட நம்பரை என் தலையில் கட்டிவிட்டார்கள். அவன் வீட்டுத் திருட்டு அலாரம், அவன் என்று நினைத்து இன்னும் என்னைக் கூப்பிடுகிறது. முதலில் மெசேஜ். பார்க்காவிட்டால் கால். பதிவு செய்த பெண் குரல்.

போனை அணைத்து வைக்கவும் முடியாது. மகளுக்கு இது பிரசவ மாதம். ஒவ்வொரு தடவை அடிக்கும்போதும் அவள்தானோ என்று ஓடிப்போய் எடுக்கிறேன். இன்று அந்தப் பதற்றத்தில் தேய்த்துக்கொண்டிருந்த லென்ஸின் ஓரம் உடைந்துவிட்டது. "கண்ணாடிக் கடையில வேலை பாக்குறவங்களுக்கே கண்ணு தெரியலைன்னா எப்படிம்மா?" என்றார் முதலாளி. கண்ணாடி வாங்க வந்தவர்கள் முன்னால். எல்லோரும் சிரித்தார்கள்.

மார்ச் 6, வியாழன்

மெசேஜின் அடியில் அலாரம் கம்பெனியின் நம்பர் இருந்தது. பேசினேன். ஒரு பெண் எடுத்தாள்.

"நீங்க கஸ்டமரா மேடம்?"

"இல்லம்மா. அதத்தானே சொல்றேன்."

"அப்ப நாங்க எதுவும் மாத்த முடியாது. கஸ்டமர் கேட்டாதான் மாத்துவோம்."

"சரி, அவருக்குப் போன் போட்டுச் சொல்லேன்."

ஏதோ தட்டிப் பார்த்தாள். "அவரோட நம்பர்னு எங்ககிட்ட இருக்கறது உங்க நம்பர்தான் மேடம்."

போனைச் சுவரில் விட்டெறியலாம் போலிருந்தது. பழைய பட்டன் போன், எறிந்தாலும் உடையாது. ஒரு நம்பரைத் தடுக்கும் வசதியும் அதில் கிடையாது.

மார்ச் 9, ஞாயிறு

பொறுக்க முடியாமல் அந்த அலாரத்தின் நம்பருக்கே அடித்தேன். யார் எடுத்தாலும் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்பதென்று முடிவு. ஒரே மணியில் தானாக எடுத்துக்கொண்டது.

"யாருய்யா நீ? அறிவிருக்கா உனக்கு?"

டிவி ஓடுகிறது. இருமல். டம்ளருக்குள் ஸ்பூன் சுற்றுகிறது. அப்புறம்தான் புரிந்தது — அந்த வீடு எனக்குக் கேட்கிறது, நான் அந்த வீட்டுக்குக் கேட்கவில்லை. என் வீட்டுக்காரர் பேப்பரை இறக்கி, "மெஷினோடயும் சண்டை போட ஆரம்பிச்சிட்டியா?" என்றார். உங்களோடு போட்டு என்னத்தைக் கண்டேன்?

வைக்கப் போகும்போது ஒரு வயதானவர் குரல், யாரிடமோ: "கதவத் தொட்டாலே எம் பையன் போன்ல அடிக்கும். எங்க இருந்தாலும் பாத்துக்கிட்டேதான் இருப்பான். நீ குழாயை முடிச்சிட்டுக் கிளம்பு."

பாத்துக்கிட்டே இருக்கானாமே! நம்பரை மாற்றிக்கொண்டு பெற்றவரிடம் ஒரு வார்த்தை சொல்லாதவன். இத்தனை நாள் யாரைத் திட்டுவதென்று தெரியாமல் இருந்தேன். இப்போது தெரிந்துவிட்டது.

மார்ச் 12, புதன்

நேற்றும் இன்றும் அடிக்கவே இல்லை. அதற்கும் எரிச்சலாக இருக்கிறது. என்ன ஆச்சு அந்த மனுஷனுக்கு?

மார்ச் 15, சனி

வீடு திரும்ப ராத்திரி ஆகிவிட்டது. இருந்தாலும் எழுதிவிடுகிறேன்.

மதியம், கடையில் நல்ல கூட்டம். பின்கதவு என்று மெசேஜ். உடனே இன்னொன்று: "அவசரப் பொத்தான் அழுத்தப்பட்டது." இதுவரை இப்படி வந்ததே இல்லை. அலாரத்துக்கு அடித்தேன். ஒரு இளவட்டக் குரல், "சாவி எங்க? சொல்லு." ஏதோ விழுந்து உருண்டது. பெரியவர், "எம் பையன் வந்துக்கிட்டே இருக்கான்டா..."

எங்க வர்றான்? யாரு வர்றா? போலீசுக்கு என்னவென்று சொல்வேன், தெருப் பெயர்கூடத் தெரியாமல்? கம்பெனிக்கு அடித்தேன். அதே பெண்.

"நீங்க கஸ்டமரா மேடம்?"

"ஆமா." வாயில் தானாக வந்துவிட்டது. "எங்கப்பா வீடு. உள்ள திருடன் பூந்துட்டான். அட்ரஸ் சொல்லு."

"உங்க அப்பா அட்ரஸ் உங்களுக்கே..."

"வீடு மாறிட்டாரும்மா! சொல்றியா, இல்ல அவருக்கு ஒண்ணு ஆனா நீ பதில் சொல்றியா?"

"உங்க நம்பருக்கு ஒரு ஓ.டி.பி. அனுப்புறேன், அதச் சொன்னீங்கன்னா..."

என் நம்பருக்குத்தானே வரும்! வந்தது. படித்தேன். சொன்னாள்.

உண்மையைச் சொன்னபோது துரத்தினார்கள். பொய் சொன்னேன், வீட்டையே எடுத்துக் கொடுத்தார்கள். என்ன கம்பெனியோ, என்ன காவலோ.

போலீசுக்குச் சொல்லிவிட்டு நானும் பஸ் ஏறினேன். முதலாளி "எங்கம்மா?" என்று கத்தினார். திரும்பிப் பார்க்கவில்லை.

நான் போனபோது ஒருவனை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். பெரியவர் வீங்கிய மணிக்கட்டைப் பிடித்தபடி நாற்காலியில் இருந்தார். நான் யாரென்று சொன்னேன். "உங்க பையன் நம்பர் இப்ப எங்கிட்ட இருக்குங்க. அவர் மாத்திட்டார் போல."

"தெரியும்மா."

"தெரியுமா? பாத்துக்கிட்டே இருப்பான்னு சொன்னீங்களே?"

"வர்றவன் போறவன் பயப்படட்டும்னு சொல்றதுதான்."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. "அப்ப இத்தனை நாளா யாருக்கு அடிக்குதுன்னு நினைச்சீங்க?"

"யாருக்கும் அடிக்கலைன்னு" என்றார்.

மார்ச் 17, திங்கள்

பேத்தி பிறந்தாள். இருவரும் நலம். வேறெதுவும் எழுதத் தோன்றவில்லை.

மார்ச் 20, வியாழன்

பெரியவரின் பக்கத்து வீட்டுக்காரரிடம் அந்த மகனின் புது நம்பர் வாங்கிப் பேசினேன். நடந்ததைச் சொன்னேன். எல்லாம் கேட்டுவிட்டு, "எங்க குடும்ப விஷயத்துல நீங்க யாருங்க?" என்கிறான்.

"நீ தூக்கிப் போட்டதக் கையில வச்சிட்டு நிக்கிறவ. உன் புது நம்பர அலாரத்துல போடச் சொல்லவா?"

"எனக்கு வேலை ஜாஸ்திங்க. அடிச்சுக்கிட்டே இருந்தா கஷ்டம்."

அதன் பிறகு நான் பேசியதை இங்கே எழுத முடியாது. என் வீட்டுக்காரர் எழுந்து வந்து ஜன்னலைச் சாத்தினார்.

ஏப்ரல் 2, புதன்

காலையில் பெரியவரே கூப்பிட்டார். "பின்கதவுக்குப் புதுத் தாழ்ப்பாள் போடறாங்கம்மா. ரெண்டு மூணு தடவ அடிக்கும். பதறாதே."

அடித்தது. என் வேலையைப் பார்த்தேன். ஆள் கிளம்பிவிட்டான் என்று அவர் சொன்ன பிறகும் ஒரு தடவை அடித்தது. கூப்பிட்டுச் சத்தம் போட்டேன், இப்போது அடித்தது என்னவென்று.

"காத்தும்மா."

"காத்துக்குத் திறக்கவா புதுசு மாட்டுனீங்க? போய்ப் போடுங்க."

முனகிக்கொண்டே எழுந்து போனார். தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்ட பிறகுதான் வைத்தேன்.