கூலருக்கு அடியில்

மார்ச் 4
தலைக்கு மேல் வேலை. தம்பி, பெண்டாட்டிக்குக் காய்ச்சல் என்று மத்தியானமே கிளம்பிவிட்டான். கணக்கு டீச்சரின் புதுக் கம்ப்யூட்டர் பாதியில் கிடந்தது. அவரோ வாசலிலேயே நிற்கிறார். பிராசசரின் மேல், அதன் சூட்டை இழுக்கும் கூலரை நானே மாட்டி, ஃபேன் சுற்றுகிறதா என்று பார்த்து, கொடுத்தனுப்பினேன். கடைப் பலகையில் இரண்டு பங்குதாரர். உழைப்பதென்னவோ ஒரு ஆள்.

மார்ச் 19
டீச்சர் போன் செய்தார். ஆன்லைனில் பாடம் நடத்தும்போது கம்ப்யூட்டர் தானாக அணைந்துபோகிறதாம். வெயில் காலம், ஜன்னலைத் திறந்து வையுங்கள் என்றேன்.

மார்ச் 27
மறுபடியும். தம்பியை டீச்சர் வீட்டுக்கு அனுப்பினேன். அங்கிருந்து கூப்பிட்டான்.
"அக்கா, பிராசசர் தொண்ணூத்தெட்டு டிகிரி காட்டுது. கூலரக் கழட்டிப் பாக்கட்டுமா?"
எண்பது வரை கவலையில்லை. நூறை நெருங்கினால் பிராசசர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள எல்லாவற்றையும் நிறுத்திவிடும். எங்கள் தொழிலில் இது அரிச்சுவடி. இருந்தும், "தூசியத் தட்டிட்டு வா, இங்க வேலை குவிஞ்சு கிடக்கு" என்றேன்.

ஏப்ரல் 3
டீச்சர் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு கடைக்கே வந்துவிட்டார். பரீட்சைக்கு முந்தின நாள் பாடம் நடுவில் நின்றுபோய், நான்கு பிள்ளைகள் வேறு டீச்சரிடம் போய்விட்டார்களாம். கண் கலங்கித்தான் சொன்னார். எனக்கு அவமானம். அவமானம் வந்தால் எனக்குக் கோபமாகத்தான் வெளியே வரும். தம்பி பக்கம் திரும்பினேன்.
"ஒரு கூலர் ஒழுங்கா மாட்டத் தெரியல. உனக்கெல்லாம் எதுக்குடா கடை? நான் இல்லேன்னா சோத்துக்கே வழி கிடையாது உனக்கு."
டீச்சர் எதிரில். இன்னும் இரண்டு வாடிக்கையாளர் எதிரில்.
"அக்கா, அன்னைக்கு நான்—" என்று ஆரம்பித்தான்.
"வாய மூடு" என்றேன்.
ஸ்க்ரூடிரைவரை மேசையில் வைத்தான். கடைச் சாவியையும் பக்கத்தில் வைத்தான். போய்விட்டான்.

ஏப்ரல் 4
வரவில்லை. வராமல் எங்கே போய்விடுவான்.

ஏப்ரல் 6
இன்றும் வரவில்லை. நானே கழற்றினேன். கூலரின் அடித்தட்டில், பிராசசரைத் தொடும் இடத்தில், மெல்லிய பிளாஸ்டிக் தாள் ஒட்டியே வரும். உரித்துவிட்டுத்தான் மாட்ட வேண்டும். உரிக்கவில்லை. சூட்டைக் கடத்தும் பசையை அதன் மேலேயே தடவி மாட்டியிருக்கிறது. சூடு எந்த வழியாகத்தான் வெளியே போகும்? நேற்றுத் தொழிலுக்கு வந்தவன்கூடச் செய்ய மாட்டான். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்க வேண்டும், தேதி சொல்லிக் கேட்க வேண்டும் என்று இந்த நோட்டைப் புரட்டினேன்.
மார்ச் 4. "நானே மாட்டி."
என் கையெழுத்து.
தாளில் 'மாட்டும் முன் உரிக்கவும்' என்று சிவப்பில் போட்டிருக்கிறது.

ஏப்ரல் 7
தாளை உரித்து மாட்டினேன். மூன்று மணி நேரம் ஓடவிட்டேன். அறுபத்திரண்டைத் தாண்டவில்லை. தப்பு என்னுடையது என்று டீச்சரிடம் சொல்லிவிட்டேன்.
"தம்பிகிட்ட சொன்னீங்களா?" என்று கேட்டார்.

ஏப்ரல் 9
போன் செய்தேன். மன்னிப்பு என்ற வார்த்தை வாயில் வந்தால்தானே. "பிளாஸ்டிக்க நான்தான் உரிக்கலடா" என்பதுதான் வந்தது.
"மாட்டினது நீதான்னு தெரியும்க்கா. அன்னைக்கு அதத்தான் சொல்ல வந்தேன்."
"அப்ப வந்துடு."
"வேணாம்க்கா. வேற கடையில சேந்துட்டேன். இது ஒரு தடவை நடந்தது இல்ல. நீ மறந்திருப்ப."
எனக்கு ஞாபகமில்லை. இல்லவே இல்லையா? பழைய நோட்டுகள் அலமாரியில் இருக்கின்றன. எடுக்கவில்லை. என்ன இருக்கும் என்று பயமாக இருக்கிறது. பாழாய்ப்போன நரம்பில்லாத நாக்கு.

மே 2
அவன் நாற்காலியில் பார்சல் பெட்டிகளை வைத்தேன். பிறகு எடுத்துவிட்டேன்.

ஜூன் 15
பஸ் நிறுத்தத்தில் டீச்சரைப் பார்த்தேன். கம்ப்யூட்டர் எப்படி என்றேன்.
"நல்லா ஓடுது. போன வாரம் உங்க தம்பி வந்து சூடு பாத்துட்டுப் போனாரு. நான் கூப்பிடவே இல்ல, அவராத்தான் வந்தாரு."
என்னோடு அவன் பேசி இரண்டு மாதம் ஆகிறது. என்னைப் பற்றி ஏதாவது சொன்னானா என்று கேட்டேன்.
"சொன்னாரே. எங்க அக்கா மாதிரி வேலை தெரிஞ்சவங்க கிடையாதுன்னு சொன்னாரு."
"அவ்வளவுதானா?"
"அவ்வளவுதான்" என்றார். பஸ் வந்தது.