கொழும்பு வரை வந்தவளுக்கு

தூத்துக்குடி,
சனிக்கிழமை

அன்பு மகள் ஜெப்ஸிக்கு அம்மா எழுதுவது.

கர்த்தருடைய கிருபையால் நானும் அப்பாவும் சுகம். டெல்லியில் நீ சுகமா என்று கேட்டு எழுதுவதுதான் வழக்கம், இப்போதோ உன் சுகத்தைப் பேப்பரில் பார்த்துத் தெரிந்துகொள்கிறோம். போனில் உன் குரலைக் கேட்டால் அழுதுவிடுவேன், அதனால்தான் கடிதம்.

வியாழக்கிழமை பேப்பரில் கொழும்பில் எடுத்த படம், மீனவர் பேச்சுவார்த்தை, இரண்டு நாள் நடக்கிறது என்று. வரிசையில் கடைசியாக ஃபைலும் கையுமாக நீ. சட்ட ஆலோசகர் என்று மட்டும் இருந்தது, பெயர்கூட இல்லை. அப்பாதான் லென்ஸ் வைத்துப் பார்த்து நம் ஜெப்ஸிதான் என்றார்கள். கழுத்தெலும்பு தெரிகிறது, சாப்பிடுகிறாயா இல்லையா? டெல்லியில் இருந்தால் தூரம் என்று மனதைத் தேற்றிக்கொள்வேன், எதிர்க்கரை வரை வந்த பிறகு எப்படியம்மா தேற்றுவது? ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்று அழுதேன். ஏளா, சொல்லக்கூடாதுங்கதுதான் அவ வேலை, சட்டம் படிக்க வச்சது நாமதான என்று அப்பா என்னையே திட்டினார்கள்.

அன்று சாயங்காலமே ஆட்டோ பிடித்துக் கடற்கரைக்குப் போய் நேர் எதிரே பார்த்துக்கொண்டு ஒரு மணி நேரம் நின்றேன். வலை காயப்போட்டுக்கொண்டிருந்த கிங்ஸ்டன், உன்னோடு ஐந்தாம் வகுப்பு படித்தவன், யாரத் தேடுதிய டீச்சர் என்றான். கொழும்பைப் பார்க்கிறேன் என்றேன். கொழும்பு அங்கன இல்ல டீச்சர், தெக்க தள்ளிப் பாருங்க என்று கை நீட்டிக் காட்டினான். முப்பது வருஷம் பிள்ளைகளுக்கு மேப் சொல்லிக்கொடுத்தவள் சொந்தப் பிள்ளையைத் தப்பான திசையில் தேடியிருக்கிறேன். இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். அவன் தம்பி பெனிஸ்டன் எல்லை தாண்டி மீன் பிடித்ததாகப் பிடிபட்டு நான்கு மாதமாக அந்தக் கரையில் ஜெயிலில் இருக்கிறான். உன்னிடம் சிபாரிசு கேட்கச் சொல்வானோ என்று பயந்தேன், கேட்கவில்லை. நம்ம ஊர்ப் பிள்ள ஒண்ணு அந்த மேசையில இருக்குங்கதே போதும் டீச்சர் என்றான். அதற்குப் பிறகு உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. உன்னைப் பார்க்கவேண்டும் என்கிற ஏக்கம் மட்டும் அப்படியே இருக்கிறது.

நேரத்துக்குச் சாப்பிடு. ஃபைலைப் படுக்கைக்கு எடுத்துப் போகாதே. கர்த்தர் உனக்கு நல்ல புத்தியும் பெலனும் தருவார், அங்கே ஜெயிலில் இருக்கிற பிள்ளைகளை வீட்டுக்குக் கொண்டுவருகிற புத்தியாக இருக்கட்டும்.

ஒன்றை மறந்துவிடாதே. மறுபடி அந்தப் பக்கம் வந்தால் எங்கே, எதற்கு என்று எதுவும் சொல்லவேண்டாம். ஒரு மிஸ்டு கால் மட்டும் கொடு. நான் எடுக்கமாட்டேன்.

இப்படிக்கு,
உன் அம்மா
தேவகனி