மூன்றாம் எண் நம்முடையதல்ல

க்ளூஜ்
அக்டோபர் 9

அன்புள்ள திபேரியு,

நலம். நீயும் நலமாக இருப்பாய் என்று எண்ணுகிறேன். பிரெமனில் குளிர் தொடங்கிவிட்டதாகச் செய்தியில் சொன்னார்கள். உன் கனமான கோட்டு இங்கேதான் தொங்குகிறது. தபாலில் அனுப்பவா என்று கேட்கக் கூப்பிட்டேன். நீ எடுக்கவில்லை. அதற்கு முந்தைய நாளும் எடுக்கவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். எழுதினால் நடுவில் துண்டிக்க முடியாது.

அன்று போனில் என்னை முழுதும் சொல்லவிடவில்லை நீ. இப்போது முதலிலிருந்தே சொல்கிறேன்.

கல்லூரி மாடியில் ஆன்டெனாவைத் திருப்பும் மோட்டார் இறுகிப் போயிருந்தது. அதனால் கையில் பிடிக்கும் சின்ன ஆன்டெனாவை எடுத்துக்கொண்டு நம் குடியிருப்பின் பின்முற்றத்துக்குப் போனேன். ஞாயிறு காலை. பெண்களெல்லாம் ஸகுஸ்கா தொக்குக்குக் குடைமிளகாய் சுட்டுக்கொண்டிருந்தார்கள், ஒரே புகை. இரண்டாம் மாடி அவுரிக்கா அக்கா என்னைப் பார்த்ததும் ஆரம்பித்துவிட்டாள். "வானத்தை அந்தக் கரண்டியால துழாவுறியே ஸ்மரந்தா, வந்து இந்தச் சட்டியைக் கொஞ்சம் துழாவேன். இதுலயாச்சும் ஏதாவது கிடைக்கும்." எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான்.

அப்போது மூன்றாம் எண் அடிவானத்திலிருந்து எழுந்து வந்தது. ராக்கெட் ஒரே வீச்சில் உதறிவிட்ட பத்துக் குட்டிச் செயற்கைக்கோள்களில், நம் மாணவர்களோடு நாம் கட்டிய லஸ்தூன் என்று நீ அறிவித்த அதே எண். இத்தனை வாரமாக அதிலிருந்து தேய்ந்த மோர்ஸ் கீச்சொலி மட்டும்தான் வந்துகொண்டிருந்தது. பெயர் ஒருமுறைகூட முழுதாக வந்ததில்லை. அன்று அது சீராகச் சுழன்றதோ என்னவோ, தலைக்கு மேல் வந்தபோது பெயர் தெளிவாகவே ஒலித்தது. ஸ், ப், இ, த், ஆ. பதிவை வீட்டுக்குக் கொண்டுபோய்த் திரும்பத் திரும்பக் கேட்டேன். எப்படிக் கேட்டாலும் அது 'ல'வில் தொடங்கவில்லை. அது நம்மோடு அதே ராக்கெட்டில் போன, பத்ராஸ் பல்கலைக்கழகத்தாரின் ஸ்பிதா.

உடனே உன்னைத்தான் கூப்பிட்டேன். "இப்ப வாயைத் திறக்காதே ஸ்மரந்தா. டிசம்பர் வரைக்கும் பொறு. இங்கே வேலை நிரந்தரமாகட்டும், அப்புறம் நானே சொல்றேன்" என்றாய். லஸ்தூன் பேசுகிறது என்பதை வைத்துத்தான் பிரெமன் நிறுவனத்தார் உன்னை வேலைக்கு எடுத்தார்கள் என்பது எனக்குத் தெரியாததல்ல. நீ பொய் சொல்லவில்லை. அன்று நாம் எல்லோருமே அப்படித்தான் நம்பினோம். அந்த ஞாயிறு முழுவதும் நான் பொறுத்தேன்.

திங்களன்று அந்தக் கீச்சொலியோடு வரும் எண்களைப் பார்த்தேன். மின்கலம் இறங்கிக்கொண்டே இருந்தது. உள்ளே ஒரு சூடேற்றி நிற்காமல் ஓடுகிறது. அதை அணைக்கும் கட்டளை பத்ராஸ்காரர்களிடம்தான் இருக்கிறது. டிசம்பர் வரை அது தாங்காது, அடுத்த வாரம் வரை தாங்கினாலே அதிகம். எனவே பத்ராஸுக்குப் போன் செய்தேன்.

அங்கே பொறுப்பில் இருப்பவர் ஃபோத்தினி என்ற பெண். நான் சொல்லி முடிக்கும்வரை கேட்டாள். பிறகு, "எங்களது செத்துப்போச்சுன்னு பசங்களோட உட்கார்ந்து அழுதே முடிச்சாச்சும்மா. இப்ப எதுக்குக் கேலி பண்றீங்க?" என்றாள். மூன்றாம் எண்ணை நாம் நமதென்று சொல்லிவிட்டதால் அவர்கள் அதன் பக்கமே திரும்பவில்லையாம். மற்ற எண்களையெல்லாம் துழாவி அலுத்துப்போய், கடைசியில் ஆன்டெனாவையே கழற்றிவிட்டார்களாம். பதிவை அனுப்பிவைத்தேன். அன்று மாலையே ஆன்டெனாவை மறுபடி மாட்டிக் கட்டளை கொடுத்தார்கள். சூடேற்றி அணைந்தது. ஸ்பிதா பதில் சொன்னது. ஃபோத்தினி என்னைக் கூப்பிட்டாள். ஆனால் போனில் அவள் குரலே கேட்கவில்லை, பின்னால் பிள்ளைகள் போட்ட கூச்சல்தான் கேட்டது.

நம் மாணவர்களிடம் மறுநாள் சொன்னேன். இலிங்கா பதிவைத் தானே ஒருமுறை போட்டுக் கேட்டுவிட்டு, "அப்ப இத்தனை நாளா அடுத்த வீட்டுக் குழந்தைக்கா நாம பேர் வெச்சுக் கொஞ்சிட்டிருந்தோம், மேடம்?" என்றாள். யாருக்கும் சிரிப்பு வரவில்லை. ஒரு பையன் மட்டும், "திபேரியு சாருக்குத் தெரியுமா?" என்று கேட்டான். தெரியும் என்றேன். கல்லூரியின் பேரில் திருத்த அறிவிப்பு வெளியிட்டாயிற்று. அதில் உன் பெயர் இல்லை. "எங்கள் தரைநிலையம் தவறாக அடையாளம் கண்டது" என்றுதான் எழுதினேன். தரைநிலையத்துக்குப் பொறுப்பு நான்தானே.

மற்ற குழுக்கள் எல்லாம் தங்கள் எண்ணைக் கண்டுகொண்டன. கேட்பாரற்று நிற்பது ஏழாம் எண் ஒன்றுதான். ஆகவே லஸ்தூன் அதுதான். ராடார் அதைத் தினமும் பார்க்கிறது. நமக்குத்தான் ஒன்றும் கேட்கவில்லை. அதன் ஆன்டெனாக் கம்பியை மடக்கிக் கட்டியிருந்த நூல், மேலே போனதும் எரிந்து அறுபட வேண்டியது, எரியாமலே நின்றிருக்கலாம். மின்கலம் விட்டுப்போயிருக்கவும் கூடும். மோட்டாரைச் சரிசெய்துவிட்டோம். இலிங்கா ஒவ்வொரு காலையும் கம்பியை விரிக்கும் கட்டளையை அனுப்புகிறாள். இதுவரை பதில் இல்லை. வரும் என்றும் வராது என்றும் நான் அவளிடம் சொல்வதில்லை.

உன் நிறுவனத்தில் நீ என்ன சொல்லப் போகிறாய் என்பது உன் விஷயம். அறிவிப்பை அவர்கள் படிக்குமுன் உன் வாயிலிருந்தே கேட்பது நல்லது என்று மட்டும் எனக்குத் தோன்றுகிறது. நீ வேலை தெரிந்தவன். அதை நிரூபிக்க அடுத்தவர் பொருள் தேவையில்லை. கிறிஸ்துமஸுக்கு நான் அங்கே வருவதாக இருந்த பேச்சைப் பற்றி இந்தக் கடிதத்தில் எதுவும் எழுதப் போவதில்லை. பயணச்சீட்டை ரத்து செய்யவில்லை என்பதை மட்டும் தெரிவிக்கிறேன்.

கோட்டை நாளை தபாலில் சேர்க்கிறேன். வேளைக்குச் சாப்பிடு. உடம்பைப் பார்த்துக்கொள். உனக்கு நல்லதே நடக்கட்டும். வெள்ளிக்கிழமை மாலை நான் வீட்டில்தான் இருப்பேன். திட்டுவதற்காகவாவது கூப்பிடு.

உன்,
ஸ்மரந்தா