ஃப்ளஷ் டேங்கில் ஒரு சிட்டிகை மஞ்சள்

பாவா,

இன்று காலை வெஸ்டர்ன் டாய்லெட் கதவைத் திறந்தேன். ஃப்ளஷ் டேங்கில் 'உஸ்ஸ்' என்று ஓயாத சத்தம். நீங்கள் கண்ணை மூடிய பிறகு அந்தச் சத்தத்தைக் கேட்பது இதுதான் முதல் தடவை.

ஆடிக் கிருத்திகை. பொதட்டூர்பேட்டையிலிருந்து உங்கள் சொந்தக்காரர்கள் பதினெட்டுப் பேர் காவடியோடு வந்திருக்கிறார்கள். தெருவில் நூறு பேர் வந்திருப்பதாகச் சொல்லிவைத்திருக்கிறேன். மாடிக்கு ஓடிப்போய்ப் பார்த்தால் மேல் தொட்டியில் ஒரு சாண் தண்ணீர்தான். கூட்டத்துக்காகச் சாலையை அடைத்துவிட்டார்கள். நாளை வரை தண்ணீர் லாரி வராது. மற்றவர்கள் எங்காவது போய்க்கொள்வார்கள். முட்டி ஆபரேஷன் ஆன அக்காவுக்கு அந்த ஒன்றுதான் கதி. உங்கள் பெண்டாட்டியின் ரோஷம் உங்களுக்குத் தெரியாததா? உள்ளே போக வேண்டிவருமே என்று விடிந்ததிலிருந்து ஒரு வாய்த் தண்ணீர் குடிக்கவில்லை. உதடு வெடித்துக் கிடந்தது.

"ஊரு டேங்கெல்லாம் நான்தான் ரிப்பேர் பண்ணேன்னு சொல்லிகினு திரியறியே, போய்ப் பாருடா!"

அக்கா சொன்னதில் தப்பில்லை. மலைக் கோயிலுக்குத் தண்ணீர் ஏற்றவே என்னைத்தானே யோசனை கேட்டார்கள்! டேங்க் மூடியைத் தூக்கினேன்.

முன்பு இதே டேங்கின் மிதவையை நான் பலங்கொண்டு வளைத்தபோது, சாயம் ஏறிய விரலால் என் கையைத் தட்டிவிட்டீர்கள். "மச்சான், மொதல்ல வால்வ மூடு. வாய அப்புறம் தெறக்கலாம்." தறி நூலுக்கு வைத்திருந்த சாயத்தில் ஒரு சிட்டிகையை டேங்கில் போட்டீர்கள். "பீங்கான்ல கலரு எறங்குச்சுன்னா, அடியில ரப்பர் மூடி சரியா ஒக்காரல. அவ்ளோதான்."

வால்வை மூடினேன். சாயத்துக்கு எங்கே போக? சமையலறை மஞ்சளை எடுத்தேன்.

"கிருத்திகை நாளும் அதுவுமா மஞ்சள கக்கூசுக்கு எடுத்துகினு போறியேடா!"

வாயை அப்புறம் திறக்கலாம் என்று ஒரு சிட்டிகையை டேங்கில் போட்டேன். நம்புங்கள்.

பீங்கானில் மஞ்சள் கோடு இறங்கியது. ரப்பர் மூடிக்கு அடியில் சங்கிலி சிக்கியிருந்தது. உங்களிடம் மட்டும் சொல்கிறேன்: போன மாதம் அதை மாற்றியவன் நான்தான். நீளமாக இருந்தால் கெட்டி என்று அப்படியே விட்டிருந்தேன். இரண்டு கண்ணி சுருக்கி மாட்டி, வால்வைத் திறந்தேன். டேங்க் நிரம்பியது. மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சத்தமே இல்லை.

அக்காவிடம் தண்ணீர்ச் சொம்பை நீட்டினேன்.

"நின்னுச்சா?"

"ஆங், நின்னுச்சுக்கா."

என் முகத்தையே பார்த்தாள். பிறகு அண்ணாந்து, கடைசிச் சொட்டு வரை குடித்தாள்.

பதினெட்டுப் பேரும் மலைக்குக் கிளம்பிவிட்டார்கள். வருஷம் தவறாமல் ஒரே மூச்சில் படியேறுகிற நான் போகவில்லை. கேட்டவர்களிடம் கால் வலி என்று சொல்லிவிட்டேன். அக்கா உள்ளே போய் வரும் ஒவ்வொரு முறையும் டேங்கில் காது வைத்துக் கேட்கிறேன். அவளை இனி நான் பார்த்துக்கொள்கிறேன், பாவா. சங்கிலி விஷயம் மட்டும் நமக்குள் இருக்கட்டும்.