காருக்கு ஒரு நிரந்தர முகவரி

மார்ச் 2, திங்கள்

வெயில். காலை ஏழரைக்கே உப்பளப் பக்கம் கண் கூசுகிறது. பாண் ரொட்டிக்காரன் வரவில்லை. பிள்ளைகளுக்குப் பிஸ்கட்.

வாப்பாவுக்குக் கிளினிக். எனக்குப் பள்ளியில் அரை நாள் லீவு. சீனி வியாதியில் வலது காலில் இரண்டு விரல் எடுத்த பிறகு அவரால் என் கணவரின் மோட்டார் சைக்கிளில் ஏற முடிவதில்லை. ஆட்டோதான். பாலாவிச் சந்தியில் சிமெந்து லொறிக்கு ஒதுங்கப்போய் ஆட்டோ குழியில் இறங்கியது. வாப்பாவின் தலை மேல்கம்பியில் அடிபட்டது. "ஒண்டுமில்ல, ஒண்டுமில்ல" என்றார். நெற்றியில் தேசிக்காய் அளவு வீக்கம். ஆட்டோக்காரர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

கார் எடுப்பது என்று அங்கேயே முடிவு செய்துவிட்டேன். இரண்டு வருஷமாகப் பேசிக்கொண்டிருந்த விஷயம்தான்.

வாப்பாவைக் கிளினிக் வரிசையில் உட்கார வைத்துவிட்டு எதிரே இருந்த லீசிங் கம்பனிக்குப் போனேன். என் பேரில்தான் எடுக்க வேண்டும், கணவர் பேரில் முடியாது. இவர் முந்தலில் இறால் பண்ணை மேற்பார்வை. சம்பளம் கையில் வரும், தாளில் ஒன்றும் இல்லை. பழைய டிராக்டர் லீசிங்கில் தவணை தவறியவர் வேறு. நான் அரசாங்கப் பள்ளியில் கணிதம். சம்பளச் சீட்டு உண்டு. அதைக் கண்டதும் குளிர்சாதன அறைக்குள் கூப்பிட்டார்கள்.

அதிகாரி றிஸ்வான். புத்தளத்துக்காரர், இருபத்தைந்து வயது இருக்கும். சிறிய கார், புதிது. முற்பணம் போக லீசிங் பன்னிரண்டு இலட்சம், அறுபது மாதம். மாதம் 29,200 என்றார். அரசாங்க ஊழியருக்கு என்ன குறைவு என்று கேட்டேன். சிரித்தார். கேட்காதவர்களுக்குச் சொல்வதில்லைபோல. மாவட்ட அரசாங்க ஊழியர் திட்டம்: 26,700. வித்தியாசம் அறுபது மாதத்தில் ஒன்றரை இலட்சம். விண்ணப்பம் அங்கேயே நிரப்பிக் கொடுத்தேன்.

வாப்பாவுக்குப் புது மருந்துக் குளிசை ஒன்று. கால் காயம் காய்கிறது, நடக்கக் கூடாது என்றார்களாம்.

மார்ச் 3, செவ்வாய்

ஒன்பதாம் வகுப்பு பின்னக் கணக்கு. முப்பத்தொரு பேரில் சரி ஆறு.

இடைவேளையில் றிஸ்வானின் தொலைபேசி அழைப்பு.

"டீச்சர், நிரந்தர முகவரியில மன்னார் எண்டு போட்டீக்கிறீங்க. இப்ப எங்க ஈக்கிறீங்க?"

"பாலாவியில. கீழ எழுதியிருக்கிறனே, தற்காலிக முகவரி எண்டு."

"எவ்வளவு காலமா தற்காலிகம்?"

"இருபத்தஞ்சு வருஷம்."

கணக்குப் பார்த்திருப்பார். அவர் பிறந்ததிலிருந்து நான் தற்காலிகம்.

விண்ணப்பத்தில் கை தானாக எழுதியது. தொண்ணூறில் முஸ்லிம்களை எல்லாம் ஊரை விட்டு விரட்டியபோது எனக்குப் பத்து வயது. அன்றிலிருந்து பள்ளிக்கூட அனுமதி, பரீட்சை, நியமனம், பிள்ளைகளின் பிறப்புப் பதிவு, எந்தப் படிவம் என்றாலும் மேல் கட்டத்தில் வேப்பங்கேணி, மன்னார். கீழ் கட்டத்தில் பாலாவி. எங்கள் ஆட்கள் எல்லோரும் அப்படித்தான். லீசிங் கம்பனிக்கும் அப்படியே எழுதுவேன் என்று யோசித்திருக்கவில்லை.

ஆக, நான் வெளிமாவட்டம். 29,200. இரண்டு பிணை வேறு. குறைந்த திட்டம் வேண்டுமென்றால் புத்தளத்தில் நிரந்தரப் பதிவு என்று கிராம சேவகர் கடிதம் வேண்டும். அதாவது இங்கே வாக்காளர் இடாப்பில் பெயர் ஏற வேண்டும். இங்கே ஏறினால் அங்கே வெட்டுவார்கள்.

"சின்ன வேலைதானே டீச்சர்" என்றார் றிஸ்வான்.

மார்ச் 4, புதன்

பள்ளி முடிந்து நேரே டவுன். பஸ்ஸில் நசுக்கல். "முன்னுக்குப் போங்க, முன்னுக்குப் போங்க." முன்னுக்கு எங்கே போவது, டிரைவரின் மடியிலா.

அதே தெருவில் இன்னொரு கம்பனி. 28,000, ஒரு பிணை. எழுதித் தரச் சொன்னேன். தயங்கித் தந்தார்கள். பையில் வைத்திருக்கிறேன். உதவும்.

வாசலில் நின்று மன்னாரில் ஒரு கம்பனிக்கும் தொ.பே. எடுத்தேன். நிரந்தர முகவரி உங்கள் பக்கம்தான் என்றேன். ஒரு பிள்ளை மரியாதையாகப் பேசினாள்.

"ஓம் மிஸ், செய்யலாம். எங்கட ஆள் வந்து வீட்டைப் பார்ப்பார். வீட்டில ஆர் இருக்கினம்?"

"வீடு இல்ல. காணி இருக்கு. கிணறு ஒண்டு இருக்கு."

"கிணத்தைப் பார்த்து லீசிங் குடுக்க ஏலாது மிஸ்."

எனக்கும் சிரிப்பு வந்தது. அவள் சொன்னதில் பிழை இல்லை. இங்கே நான் மன்னார் ஆள், மன்னாருக்கு நான் புத்தளம் ஆள். கார் வாங்கப் போயிராவிட்டால் இவ்வளவு தெளிவாகத் தெரிந்திருக்காது.

வாங்கியது: மாசிக் கருவாடு 100 கிராம், சின்னவளுக்கு எழுதக் கொப்பி, வாப்பாவுக்குப் பஞ்சு.

மார்ச் 5, வியாழன். பௌர்ணமிப் போயா லீவு

உடுப்புத் தோய்த்தேன். காற்றே இல்லை. சிமெந்துத் தூசி கொடியில் இருக்கும்போதே ஒட்டிவிடும்.

பகல் சாப்பாட்டுக்குப் பிறகு வாப்பாவிடம் சொன்னேன். பெயரை இங்கே மாற்றினால் மாதம் இரண்டாயிரத்து ஐந்நூறு குறையும் என்று. அவர் தட்டில் கை கழுவினார். வழக்கமாகச் செய்யாத வேலை.

"எனக்குக் கார் வேணாம் புள்ள. ஆட்டோ காணும், அது போதும்."

"உங்களுக்கு மட்டும் இல்ல வாப்பா. வீட்டில அஞ்சு பேர், ஒரு மோட்டார் சைக்கிள்."

"எடு. கூடக் குடுத்தாலும் எடு. உன்ர பேரை மட்டும் வெட்ட விடாத. எங்கட குடும்பத்தில ஒரு ஆளெண்டாலும் அங்க இருக்கோணும்."

அங்கே ஒன்றரை ஏக்கர். முழுக்கப் பற்றைக்காடு. போன வருஷம் பார்த்தபோது கிணற்றுக்குள் ஒரு மரம் நின்றது. பெயர் இடாப்பில் இருந்தால்தான் வீட்டுத் திட்டத்துக்குக் கேட்கலாம், காணிக்கு வழக்குப் பேசலாம். தம்பி கட்டாருக்குப் போய்ப் பதினைந்து வருஷம். அவன் பெயர் எப்போதோ வெட்டுப்பட்டது. இவரும் அவர் வீட்டாரும் வேறு ஊரில் பதிவு. ஆகவே எங்கள் காணிக்கு வாப்பா, நான். இரண்டு பேர்.

இரண்டில் ஒன்றைக் கழித்தாலும் ஒன்று மிஞ்சும் என்று நினைத்துக்கொண்டேன். அவரிடம் சொல்லவில்லை.

மார்ச் 6, வெள்ளி

ஜும்மா முடிந்து இவரும் வந்தார். இவருக்கு ஒரே நிபந்தனை: வட்டி கூடாது. அதே கம்பனியில் இஸ்லாமியப் பிரிவும் இருக்கிறது. கார் அவர்களுடையது, நாங்கள் மாத வாடகை கட்டி, கடைசியில் எங்கள் பேருக்கு வரும். தொகை அதேதான். இவர் ஒப்பந்தத்தை இரண்டு தடவை வாசித்தார், சில வரிகளைச் சத்தமாக. முகம் தெளிந்தது. அவருக்கு நிம்மதி என்றால் எனக்கும் சரி.

பிறகு என் முறை. மற்றக் கம்பனியின் தாளை மேசையில் வைத்தேன். ஆவணக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்தார்கள். காப்புறுதி நானே வேறு இடத்தில் செய்யலாம் என்றார்கள். சீட் கவர் கேட்டேன்.

"டீச்சர் என்ன பாடம்?" என்றார் றிஸ்வான்.

"கணக்கு."

"முதல்லயே சொல்லீக்கலாமே."

சீட் கவரும் கிடைத்தது. மாத வாடகையில் மட்டும் அசையவில்லை. மெனேஜர் கையில் இல்லை, தலைமையகத்து விதியாம். கடிதத்துக்குச் செவ்வாய் வரை தவணை. இந்த மாதத்துடன் திட்டம் முடிகிறது, வரிசையில் வேறு ஆட்கள்.

போகும்போது பின் மேசைக்காரர் மெதுவாகச் சொன்னது காதில் விழுந்தது: "அகதி ஆக்கள்தான், ஆனா நல்லாப் பேசுறாங்க." கோபம் வந்தது. சீட் கவரை நினைத்து அடக்கிக்கொண்டேன்.

காரின் நிறம்: பெரியவளுக்கு வெள்ளை, சின்னவளுக்குச் சிவப்பு. வீட்டில் சண்டை.

மார்ச் 8, ஞாயிறு

வாப்பா காலையில் வீட்டில் இல்லை. பள்ளிவாசலிலும் இல்லை. பதினொரு மணிக்கு இவர் சந்தியில் கண்டு ஆட்டோவில் கூட்டி வந்தார். சந்தி வரை நடந்து, பஸ் ஏறி, டவுன் போய், பஸ்ஸிலேயே திரும்பி வந்திருக்கிறார். எதற்கு என்று கேட்டதற்கு, "பார்த்தியா, பஸ்ஸிலயும் போக ஏலும்" என்றார்.

செருப்பு முழுக்க இரத்தம். காயம் வாய் திறந்துவிட்டது.

நான் கத்தினேன். பிள்ளைகள் பயந்துபோனார்கள். வயது போனவரிடம் அப்படிக் கத்தியிருக்கக் கூடாது. ஆனால் எனக்கு அந்தக் கால் வேண்டும். வேப்பங்கேணிக் கிணறு வேண்டியதில்லை.

நாளைக்குக் கிராம சேவகர் (ஜி.எஸ்.) அலுவலகம். முடிவு.

மார்ச் 9, திங்கள்

முதல் இரண்டு பாடம் முடித்து அனுமதி எடுத்துப் போனேன். ஜி.எஸ். புதிது, உடப்புப் பக்கத்துப் பெண். இதுவரை தற்காலிக வதிவு என்றுதான் கடிதம் வாங்கியிருக்கிறேன். யாரும் இடாப்பைத் திறந்ததில்லை. இந்தப் பிள்ளை ஒழுங்கானவள், அலுமாரியிலிருந்து இடாப்பையும் பழைய பதிவுக் கோவையையும் எடுத்து வந்தாள்.

"வீட்டு இலக்கம் சொல்லுங்க டீச்சர்." விரலை வைத்துக்கொண்டு வந்தாள். நின்றது. "இந்த வீட்டில நிரந்தரமா ஒருத்தர் இருக்காரே. அப்துல் கரீம். உங்க வாப்பாவா?"

வாப்பாதான், ஆனால் அவர் பதிவு மன்னாரில் என்றேன்.

அவள் கோவையைத் திருப்பிக் காட்டினாள். வாப்பாவின் கையெழுத்துதான், 'ம்' முடிவில் அந்த நீண்ட இழுப்பு. வீட்டுத் தலைவர், நிரந்தரப் பதிவு. பக்கத்தில் யாரோ பழைய ஜி.எஸ். எழுதிய குறிப்பு: மின்னிணைப்புப் பெறுவதற்காக. நான் ஏ.எல். பரீட்சை எழுதிய வருஷம்.

அப்போது எங்கள் வரிசையில் எல்லாம் ஓலைக் குடிசை. நிரந்தரப் பதிவு இல்லாதவருக்கு லைன் இல்லை என்று மின்சாரக் கந்தோரில் சொல்வார்கள். எங்கள் வீட்டுக்கு மட்டும் ஒரு பல்ப் வந்தது. மந்திரி ஒருவர் தயவில் வந்தது என்று வாப்பா சொன்னார், ஊரும் நம்பியது. அந்தப் பல்ப்பின் கீழே இருந்துதான் நான் படித்தேன். அந்த மந்திரிக்காக உம்மா துஆக் கேட்டது நினைவிருக்கிறது. பாவம் உம்மா, மௌத்தாகும் வரை தெரியாது.

பதினாறு வருஷம். தேர்தலில் வாக்குப் போட மன்னாருக்குப் பஸ் புறப்படும் நாளெல்லாம் வாப்பாவுக்குக் காய்ச்சல், அல்லது இடுப்பு, அல்லது கால். கணிதம் படிப்பிக்கிறவள் நான். கூட்டிப் பார்க்கவில்லை.

வியாழக்கிழமை அவர் சொன்னதையும் இப்போதுதான் யோசிக்கிறேன். உன்ர பேரை வெட்ட விடாத என்றார். தன் பெயர் அங்கே இருப்பதாக ஒரு சொல் சொல்லவில்லை. பொய் சொல்லாமல் சமாளித்திருக்கிறார். இரண்டு பேர் இல்லை, நான் ஒருத்திதான்.

"மாத்துவமா டீச்சர்?" என்றாள் ஜி.எஸ்.

வேண்டாம் என்றேன். வாப்பாவின் பதிவுக்கு ஒரு பிரதி வாங்கிக்கொண்டு, வாசலில் நின்று றிஸ்வானுக்குத் தொ.பே.

"வீட்டுத் தலைவர் புத்தளத்தில நிரந்தரம். கரண்ட் பில் அவர் பேரில. நான் அவரோட ஒரே வீடு. அவர் சேர்ந்து கையெழுத்து வைச்சா உங்கட தலைமையகத்துக்கு என்ன குறை? இல்லாட்டி நான் மற்றக் கம்பனிக்குப் போறன்."

பத்து நிமிஷம் வெயிலில் நின்றேன். மெனேஜர் தலைமையகத்துக்குப் பேசினாராம்.

"சரி டீச்சர். 26,700. ஆனா வாப்பா நேரில வரணும்."

அதை நான் யோசிக்கவில்லை.

வீட்டில் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் பிரதியை அவருடைய குளிசைப் பெட்டியின் கீழே வைத்தேன். மஃரிப் தொழுகைக்குப் பிறகு பார்த்தபோது அது நான்காக மடிக்கப்பட்டிருந்தது. இராச்சாப்பாடு முடிந்து எழும்பும்போது கேட்டார்: "எத்தனை மணிக்குப் போகோணும்?"

மார்ச் 10, செவ்வாய்

மேகம், மழை இல்லை. ஆட்டோ. இந்தத் தடவை வாப்பாவின் தலைக்கும் கம்பிக்கும் நடுவே என் கையை வைத்துக்கொண்டு போனேன். சந்தி தாண்டியதும் ரோட்டைப் பார்த்தபடியே சொன்னார்: "அந்த லைட்டு உனக்குப் படிக்கக் காணுமா இருந்ததா?"

"ஓம் வாப்பா. காணும்." அழுகை வந்தது, ஆட்டோச் சத்தத்தில் தெரியாது.

றிஸ்வான் எழும்பி நின்று கதிரை போட்டார். காலுக்கு ஒரு ஸ்டூல் கொண்டு வரச் சொன்னார். நல்ல பிள்ளைதான். வீட்டுத் தலைவருக்கும் தனித் தாள், அவரே தன் கையால் நிரப்ப வேண்டுமாம். வாப்பா கண்ணாடியைத் துடைத்துப் போட்டார். பெயர். அடையாள அட்டை இலக்கம். பிறகு நிரந்தர முகவரிக் கட்டம். பேனா கொஞ்சம் நின்றது. எழுதினார்: வீட்டு இலக்கம், பாலாவி. நான் வேறு பக்கம் பார்த்தேன்.

திரும்பியபோது பேனா இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. கீழ்க் கட்டம், தற்காலிக முகவரி. வேப்பங்கேணி, மன்னார்.

"அது வெறுமையா விடலாம் வாப்பா" என்றார் றிஸ்வான். வாப்பா பேனாவை மூடினார். றிஸ்வான் என்னைப் பார்த்தார். வேறு தாள் எடுக்கட்டுமா என்றார்.

வேண்டாம், அப்படியே சீல் குத்துங்கள் என்றேன்.