முருகேசன் அவர்கள்

மதினி,

நேற்று புதுக் கம்ப்யூட்டர் வந்தது. பழையதில் இருந்த முகவரிப் புத்தகத்தை அதற்குள் ஏற்றிக்கொண்டிருந்தேன். மெயில் புரோகிராம் எல்லாப் பெயரையும் வாங்கிக்கொண்டு, ஒன்றில் மட்டும் நின்றுவிட்டது. ஒரே முகவரிக்கு இரண்டு பெயர் இருக்கிறது, எதை வைத்துக்கொள்ள என்று கேட்டது. ஒன்று அண்ணன் மெயிலோடு தானாக வரும் 'முருகேசன்'. இன்னொன்று நீங்கள் போட்ட 'முருகேசன் அவர்கள்'. வேலையை அப்படியே விட்டுவிட்டு எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தேன்.

அண்ணன் துபாய்க்குப் போன புதிதில் நான் ராமநாதபுரத்தில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் இருந்தேன். எங்கள் அய்யா மிளகாய் வத்தல் மூட்டையோடு கமிஷன் கடையில் உட்கார்ந்திருக்க, நீங்கள் என்னைத் தேடி வருவீர்கள். சேலையில் வத்தல் நெடி. பக்கத்து மேசைக்காரர் தும்மிக்கொண்டே இருப்பார். டைப்ரைட்டிங் பாஸ் செய்தவர் ஆயிற்றே, என்னைவிட வேகமாகத் தட்டுவீர்கள். ஆங்கில எழுத்தில்தான், ஆனால் அத்தனையும் நம் ஊர்த் தமிழ்.

முதல் நாளே வம்பு. "முகவரிப் புத்தகத்துல அண்ணன் பேரு கேக்குது மதினி, அடிங்க" என்றேன்.

"ஒங்க அண்ணன் பேரு ஒங்களுக்குத் தெரியாதாக்கும்?"

"நீங்கதான பழகணும்."

மின்விசிறியைப் பார்த்தீர்கள், வாசலைப் பார்த்தீர்கள். கட்டியவர் பெயரைச் சொல்லாத வாய்; விரல் மட்டும் எப்படிச் சொல்லும்? கடைசியில், அங்கே இருப்பவர் என்கிற மாதிரி, 'அங்கன' என்று அடித்தீர்கள். நான் சிரிக்க, "அங்கனதான இருக்காக" என்றீர்கள். அத்தோடு விடவில்லை. மெயில் முகவரியிலும் அண்ணன் பெயர் இருந்தது. அதுவும் கண்ணில் படக் கூடாது என்றீர்கள். செட்டிங்கில் 'பெயர் மட்டும் காட்டு, முகவரி வேண்டாம்' என்ற இடத்தில் ஒரு டிக் போட்டுக் கொடுத்தேன். அதன்பிறகு முதல் எழுத்தைத் தட்டினால் போதும், 'அங்கன' என்று தானாக வந்து விழும். உங்களுக்கு அதில் அப்படி ஒரு சந்தோஷம்.

பிறகு அண்ணன் வேறு கம்பெனிக்கு மாறினார். தனக்கென்று சொந்தமாகத் தொடங்கிய புது முகவரியிலிருந்து மெயில் வந்தது. மூன்று வருஷத்துக்குக் கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள், போடவா, ஊருக்கே வந்துவிடவா, நீ சொல்வதுதான் என்று கேட்டிருந்தார். நீங்கள் 'வந்துருங்க' என்று எழுதினீர்கள். அடுத்த வாரமும் அதையே எழுதினீர்கள். பதிலே இல்லை. ஊருக்குப் போன் வரும். ஆனால் போன் கூடத்தில், பக்கத்திலேயே அய்யா. அங்கே உங்கள் பேச்செல்லாம் 'ம்' மட்டும்தான். "மெயில் போட்டியா?" என்பார் அண்ணன். "ம்" என்பீர்கள். அதற்கு மேல் இரண்டு பேருக்கும் வீம்பு.

ஒரு நாள் திரையைப் பார்த்துக்கொண்டே கண் கலங்கினீர்கள். 'ம் என்பதற்கு மேல் நீ ஒன்றும் சொல்லவில்லை, சம்மதம் என்று எடுத்துக்கொள்கிறேன், நாளைக்குக் கையெழுத்து' என்று வந்திருந்தது.

"வந்துருங்கன்னு எம்புட்டுத் தடவ எழுதுறது தம்பி? இவுகளுக்கு வர மனசில்ல."

எனக்குச் சந்தேகம் தட்டியது. முகவரிப் புத்தகத்தைத் திறந்து பார்த்தேன். 'அங்கன' இன்னும் பழைய கம்பெனி முகவரியிலேயே இருந்தது. அந்தப் பழைய மெயில் பெட்டியை யாரும் மூடவும் இல்லை, திறந்து பார்க்கவும் இல்லை. அதனால் உங்கள் கடிதம் ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை.

"வந்த மெயிலுக்கே பதில்னு அமுக்கியிருந்தா நேரா அண்ணனுக்குப் போயிருக்கும்ல மதினி?"

"அத அமுக்குனா அவுக பேருல்ல மேல வந்து நிக்கிது. அதுக்குக் கீழ நான் எப்பிடி எழுதுறது?"

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. புது முகவரியை ஏற்றி, அதற்கும் 'அங்கன' என்று நானே போட்டுவிடலாம் என்று கீபோர்டை இழுத்தேன். நீங்கள் என் கையைத் தட்டிவிட்டீர்கள். தலையில் முந்தானையை இழுத்துப் போட்டுக்கொண்டு ஒவ்வோர் எழுத்தாக அடித்தீர்கள். அவ்வளவு மெதுவாக நீங்கள் தட்டி நான் பார்த்ததில்லை. 'முருகேசன்' முடிந்தது. கொஞ்சம் யோசித்து 'அவர்கள்' என்றும் சேர்த்தீர்கள்.

"வெறும் பேராவா விடுறது?"

அந்தப் பெயருக்குக் கீழே 'வந்துருங்க' என்று ஒரே சொல். மெயில் போனதும், "நான் சொல்லலைல தம்பி, எழுதத்தான செஞ்சேன்" என்றீர்கள்.

அண்ணன் கையெழுத்துப் போடவில்லை. வந்தார். இரண்டு பேரும் சேர்ந்து வயலில் மிளகாய் போட்டீர்கள். சண்டை போட்டீர்கள். தேவிபட்டினம் கடலில் முழங்கால் தண்ணீரில் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு நவபாஷாண நவக்கிரகங்களைச் சுற்றினீர்கள். நீங்கள் இன்னும் கொஞ்ச காலம் இருந்திருக்கலாம் மதினி.

சென்டரை மூடியபோது அந்தக் கம்ப்யூட்டரை நான் வாங்கிக்கொண்டேன். உங்கள் முகவரிப் புத்தகமும் என்னோடு சென்னைக்கு வந்தது. அண்ணன் எப்போதாவது டவுனுக்குப் போய் மெயில் போட்டால் என் திரையில் 'முருகேசன் அவர்கள்' என்றுதான் வரும். பொங்கலுக்கு முன்னால் இங்கே வந்தவர் அதைப் பார்த்துவிட்டார்.

"என்னலே, நக்கலா?"

"நான் போடலண்ணே. மதினி போட்டது."

அண்ணன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "எம் பேர அவ வாயில கேட்டதே இல்லலே" என்றார். பிறகு, "இத அப்பிடியே எனக்கு அனுப்ப முடியுமா?" என்று கேட்டார். அனுப்பினேன். அண்ணனுடைய முகவரிப் புத்தகத்தில் இப்போது அவர் பெயரும் இருக்கிறது, நீங்கள் அடித்தபடி.

தண்ணீர் குடித்துவிட்டு வந்து பார்த்தேன். அந்தக் கேள்வி அப்படியே நின்றிருந்தது. உங்களுடையதையே வைத்துக்கொண்டேன். இன்று காலையில் அண்ணனிடமிருந்து மெயில் வந்திருக்கிறது, மழை இல்லையாம். அவர் எழுதியதைப் படிப்பதற்கு முன்னால், மேலே நீங்கள் அவரைக் கூப்பிடுவதைப் படித்தேன்.