லண்டனுக்குப் போகாத தங்கைக்கு

பிரிக்ஃபீல்ட்ஸ்,
9 ஜூன் 1992

அன்புத் தங்கை புனிதவதிக்கு,

அக்கா குணேஸ்வரி எழுதுவது. நாங்கள் சுகம். உனக்கு இருமல் விட்டுவிட்டது என்று வார்டு நர்ஸ் மிஸ்ஸி எழுதியிருந்தார். சந்தோஷம்.

புனிதம், பணம் கிடைத்துவிட்டது. எங்கள் சங்கத்துக்கு, ஹாலந்திலுள்ள ஓர் அறக்கட்டளையிலிருந்து, மூன்று வருடத்துக்கு. கடிதத்தை நின்றபடியே நான்கு முறை படித்தேன். சோறு அடிப்பிடித்துவிட்டது. அத்தான் அதையே சாப்பிட்டார்.

பொங்கலுக்கு உன்னைப் பார்க்க வந்தபோது சொன்னேனே, குணமாகியும் ஆஸ்பத்திரியை விட்டுப் போக இடமில்லாதவர்களுக்கு எங்கள் சங்கம் ஒரு வீடு எடுக்கப் பார்க்கிறது என்று. அந்த வீட்டுக்குத்தான் இந்தப் பணம். ஸ்காட் ரோட்டுக்குப் பின்னால், எட்டுப் பேர் இருக்கலாம். வாரம் ஒருநாள் வக்கீல் வருவார். சொந்த வீட்டிலேயே பூட்டி வைக்கப்பட்டவர்கள், நோயைச் சொல்லிச் சொத்து பறிக்கப்பட்டவர்கள், எல்லோருக்காகவும் பேசுவார். அடுத்தது கிள்ளானில் ஒன்று என்று நான் இப்போதே குதிக்கிறேன்.

ஆனால் ஒரு நிபந்தனை. சங்கக் கமிட்டியில், வார்டில் நோயாளியாக இருந்த ஒருவர் உட்கார வேண்டும், எங்களைப் போலவே ஓட்டுரிமையோடு. மாத முடிவுக்குள் அவர் கையெழுத்துப் போகாவிட்டால் வீடு இல்லை.

சனிக்கிழமை கூட்டம் போட்டோம். தலைவர் சிவகுருநாதன், ரயில்வேயில் பெரிய உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர், கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து, "எங்கட ஆக்களிலை அப்பிடி ஒருத்தரும் இல்லையே" என்றார். பதிலுக்கு ஒரு டாக்டரைப் போட்டால் ஒத்துக்கொள்வார்களா என்றும் கேட்டார். எல்லோரும் மேசையைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன்.

பிறகு எழுந்துவிட்டேன். என் தங்கை லண்டனில் இல்லை, ஒன்பது வருடமாக வடக்கே மனநல ஆஸ்பத்திரியில் இருக்கிறாள் என்றேன்.

இந்த லண்டன் கதை உனக்குத் தெரியாது. நீ ஆஸ்பத்திரிக்குப் போன அந்த மாதமே, தாதி வேலைக்கு லண்டன் போய்விட்டாய் என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். நம்ப வேண்டுமே என்று தீபாவளிக்குத் தீபாவளி மஸ்ஜித் இந்தியா கடைத்தெருவில் ஒரு கம்பளிச் சட்டை வாங்கி, நீ அனுப்பியதாகப் பக்கத்து வீட்டுக் குணபூசணி அக்காவுக்குக் கொடுத்தேன். அவரும் இந்த வெயிலில் அதைப் போட்டுக்கொண்டு கோயிலுக்கு வருவார்.

அவரும் சங்கத்தில் இருக்கிறார்; கூட்டத்தில் முதலில் வாய் திறந்தது அவர்தான். "முதல் சட்டையிலேயே மஸ்ஜித் இந்தியாக் கடைச்சீட்டு இருந்தது பிள்ளை. நீயாச் சொல்லுவாய் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான்" என்றார். ஒன்பது வருடம் அந்த மனுஷி புழுங்கியிருக்கிறார். எல்லோரும் சிரித்தார்கள், நான் அழுதேன். தலைவர் உன் பெயரை முன்மொழிந்தார். குணபூசணி அக்கா வழிமொழிந்தார்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். உன்னை வீட்டுக்கு அழைத்துப் போகலாம் என்று டாக்டர் மூன்று வருடத்துக்கு முன்பே எனக்கு எழுதினார். கடிதத்தைச் சுவாமிப் படத்துக்குப் பின்னால் ஒளித்தேன். அத்தானுக்கும் காட்டவில்லை. ஊருக்கு என்ன சொல்வது என்ற பயம். பொங்கலன்று உன் கையைப் பிடித்துக்கொண்டு பேசினேனே, அப்போதும் அந்தக் கடிதம் அங்கேதான் இருந்தது. பாவி நான்.

வருகிற 21ஆம் தேதி ஞாயிறு காலை அத்தானும் நானும் காரில் வருகிறோம். டாக்டருக்கும் எழுதிவிட்டேன். படிவத்தைக் கொண்டுவருவேன். முழுவதும் படித்துப் பார், கேள்வி கேள். வேண்டாம் என்றும் நீ சொல்லலாம். சொன்னால் சங்கம் வேறு ஆளைத் தேடிக்கொள்ளட்டும்.

கையெழுத்துப் போட்டாலும் போடாவிட்டாலும் நீ காரில் ஏற வேண்டும், புனிதம். முன்னறையை உனக்கு ஒழித்து வைத்திருக்கிறேன். கோயிலில் யாராவது லண்டன் எப்படி என்று கேட்டால், போனதில்லை என்று சொல். நான் பக்கத்தில் நிற்பேன்.

மன்னிப்பாய் என்ற நம்பிக்கையுடன்,
உன் அக்கா
குணேஸ்வரி